பயனடைவோர் எண்ணிக்கை

ஒரு கிலோவாட்டைப் பத்தாக்கித் தரக் கேட்டு
நாங்கள் எழுதியது ஏழாவது மனு.
ஆறுக்கும் பதில் வந்தது. ஒரே பதில்,
தேதி மட்டும் வேறு.

தொண்டிக்குத் தெற்கே உவர்நிலத்தில் நிற்கிறது கம்பம்.
அதன் காலடியில் நூற்றிருபது செம்புக் கம்பிகள்
வேர்போலப் புதைந்திருப்பதாகப் பதிவேடு சொல்கிறது.
போன மாசியில் தோண்டி எண்ணினேன்.
எண்பத்து மூன்று.
மீதி திருவாடானை பழைய இரும்புக் கடைக்கு
எடைபோட்டுப் போயிருக்கும்.
சேற்றில் உப்பு உண்டு, அது மின்சாரம் கடத்தும் என்று
அறிக்கையில் எழுதினேன்.
பொய் இல்லை.

படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
கூடுதலாகப் பயனடைவோர் எண்ணிக்கை.
வரைபடத்தில் வட்டம் போட்டேன்.
மேற்குப் பாதியில் ஊர்கள், எல்லார் கையிலும் செல்போன்.
கிழக்குப் பாதி முழுக்க நீலம்.
நீலத்துக்கு மக்கள்தொகைக் கணக்கு எடுப்பதில்லை.
கட்டத்தைக் காலியாக விட்டால் மனு திரும்பும்.
பூஜ்யம் போட்டாலும் திரும்பும்.

அதனால்தான் அலைவலிமை அளக்க வந்த தணிகாசலம் சாரை
ஜீப்பிலிருந்து இறக்கி
கலந்தர் கனியின் வத்தையில் ஏற்றினோம்.
மடியில் மீட்டர்,
சட்டைப் பையில் இரண்டு வாந்தி மாத்திரை.

மத்திய அலைக்குத் தண்ணீர் பிடிக்கும்.
தேவகோட்டை போவதற்குள் மூச்சு வாங்குகிற எங்கள் சத்தம்
உப்பின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.
மூன்று பாகத்தில் முள் அசையவில்லை.
ஐந்து பாகத்தில் டெல்பின் நண்டு விலை வாசித்தாள்.
நடுவில் அவள் தும்மலை விழுங்கியதுகூடக் கேட்டது.
தணிகாசலம் சார் முதல்முறையாகச் சிரித்தார்.
பிறகு வாந்தி எடுத்தார்.

பொழுது இறங்கியது.
இருட்டினால் வானத்துக்கு ரசம் பூசிவிடுவார்கள் போல,
எங்கெங்கோ கிளம்பிய நிலையங்கள்
அதில் பட்டுத் தெறித்து எங்கள் தலையில் விழும்.
அக்கரைப் பெண் ஒருத்தி சிங்களத்தில்
பருப்பு தாளிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.
எனக்குச் சிங்களம் தெரியாது,
கடுகுச் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.
டெல்பின் அதற்கு அடியில்
கிணற்றில் விழுந்த செம்பு மாதிரி.
“பாருங்க சார், இதுக்குத்தான் பத்து கிலோவாட்.”

கலந்தர் கனி இஞ்சினை அணைத்தார்.
திரும்பணும் என்றார்.
“ஜிபிஎஸ் இருக்கு. பேட்டரி சில நாள் இருக்காது.
ஒங்க சத்தம் அமுங்கி
அவுக சத்தம் ஏறுது பாருங்க, இந்த எடம்.
ஒரு கல் முன்னப்பின்ன இருக்கும்.
இதுக்கு அங்கிட்டுப் போனா போட்டு திரும்பாது.
எங்க மச்சான் அன்னைக்கு ரேடியோவ
வீட்டுல வச்சுட்டுப் போனாப்ல.
நாலு மாசம் யாழ்ப்பாணத்துல கெடந்தாரு.
நீங்க சத்தத்தக் கூட்டிட்டா
கோடு எங்கருக்குன்னு நாங்க எத வச்சுப் பாக்குறது?”

மீட்டர் மடியில் இருந்தது.
யாரும் அதைப் பார்க்கவில்லை.

“புயல் சேதி?” என்று கேட்டேன்.
“அது வேணும்.”
கொஞ்ச நேரம் கழித்து,
“அதுக்குக் கூட்டுங்க. மத்த நாள் கொறச்சிருங்க,”
என்றார், ஏதோ வீட்டு அடுப்பைச் சொல்வதுபோல.

கரை வந்ததும் படகுகளை எண்ணினோம்.
நம்புதாளை, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி.
ஒன்பதாம் கட்டத்தில் ஆயிரத்து நானூற்றுப் பதினாறு பேர்,
முகவரி: கடல்.
தணிகாசலம் சார் கையெழுத்துப் போட்டுவிட்டு
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.
கடைசிக் கட்டம், பிற குறிப்புகள், இரண்டு வரி இடம்.
திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் தேவை.
குமிழ் தொண்டியில் இருக்க வேண்டும்.

பதில் இன்னும் வரவில்லை.
அதுவரை முப்பத்தேழு செம்புக் கம்பிக்கு
விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன்.
குறைந்த விலை சொன்னது
திருவாடானைக் கடை.
“அளவு சொல்ல வேண்டாம் மேடம்,
எங்களுக்குத் தெரியும்,” என்றார்கள்.