கமராப் பை

டிப்போச் சந்திக்குக் கிட்ட டினுஷனின் கடை.
கண்ணாடி மேசையில் மூன்று பைகள்.

எனக்கு வேலை ஞாயிற்றுக்கிழமை.
முத்தையன்கட்டுக் குளக்கட்டில் தொடங்கிக்
காட்டுக்குள்ளால் இருபத்தொரு கிலோமீற்றர் ஓட்டம்.
ஓடுகிறவர்களுக்கு முன்னால் நான் நடந்துபோய்
நின்றிருக்க வேண்டும்,
ஒரு கமரா, இரண்டு லென்ஸ், இரண்டு போத்தல் தண்ணீரோடு.

பழைய பை முகாமில் தந்த புத்தகப் பை.
துவாய் சுற்றி அதற்குள்தான் இதுநாள்வரை கமரா.
இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது.

முதலாவது கறுப்பு. பதினெட்டு அறை.
எந்த அறையில் லென்ஸ் படுத்திருக்கு என்று தேடுவதற்குள்
மதுசிகன் போய்விடுவான்.
(போனமுறையும் அவன்தான் முதலாவது.
என் படத்தில் அவனுடைய குதிக்கால் மட்டும் இருக்கிறது.)
அதோடு சென்றியில் பதினெட்டையும் திறந்து காட்டவேண்டும்,
அறைக்கு ஒரு கேள்வி.
எனக்குத் தெரிந்த சிங்களம்
ஆறு அறைக்குத்தான் காணும்.

இரண்டாவது நல்ல பை.
கைபட்டதும் தெரிந்துவிட்டது.
இடுப்புப் பட்டி பாரத்தைத் தோளிலிருந்து எலும்புக்கு இறக்கியது.
பக்கத்துச் சிப்பை இழுத்தால்
கழற்றாமலே கமரா கைக்கு வரும்.
மழையுறை அடியில் சுருண்டு கிடந்தது, மரவட்டை மாதிரி.
விலையும் பாதி.
"ஏன் பாதி?"
டினுஷன் மேசையைத் துடைத்தான்.
துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான்.
இலையும் சேறும் நிழலுமாய் அச்சடித்த பச்சை.
"வெளிநாட்டில பறவை பாக்கிற ஆக்கள்
இதைத்தான் போடுவினமாம் அக்கா.
காட்டுக்குள்ள காடு மாதிரியே நிக்கலாமாம்."

இங்கே காடு மாதிரி நின்றவர்களுக்கு
வேறு பெயர்கள் இருந்தன.
பையைக் கவிழ்த்து வைத்தேன், அச்சு கீழே பார்க்க.

மூன்றாவது செம்மஞ்சள்.
போட்டுக்கொண்டு கடைக்குள் ஓடிப்பார்த்தேன், குனிந்து பார்த்தேன்.
வெளியே பஸ்சுக்கு நின்ற பெடியள் சிரித்தார்கள்.
நெஞ்சுப்பட்டி ஆம்பிளைக்கென்று தைத்த இடத்தில்.
மழையுறை இல்லை.
ஆனால் ஒரே வாய், ஒரே சிப், ஒரே கேள்வி.
விழுந்து கிடந்தாலும் தேடுகிறவருக்குத் தெரியும்.
காசைக் கொடுத்தேன்.

ஞாயிறு, பதினான்காம் கிலோமீற்றர்.
தடத்தைவிட்டு இருபதடி உள்ளே
வெளிச்சம் சரியாய் விழுகிற இடமொன்று.
பையைக் கழற்றிப் பாலைக் கொப்பில் கொழுவினேன்.
திருப்பங்களில் கட்டிய நாடாவும் செம்மஞ்சள் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நானும் பார்த்துக்கொண்டேதான் நடந்து வந்திருந்தேன்.

மதுசிகன் வந்தான். பையைக் கண்டான்.
திரும்பினான், என் பக்கம்,
அவனுக்குப் பின்னால் பத்துப்பேர்.

வெடிபொருள் அகற்றியாயிற்று என்று தாள் இருக்கிறது.
தாளில் கையெழுத்து இருக்கிறது. முத்திரை இருக்கிறது.
நானே அங்கே உலாவிக்கொண்டு நின்றேன்.
ஆனாலும் கத்திவிட்டேன்:
"நில்! காலை வையாதை!"

நின்றார்கள்.
அந்தரத்தில் தூக்கிய கால் தூக்கியபடி,
கை விரித்தபடி, கொக்குக் கூட்டம்போல.
கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மட்டும்
இன்னும் நாலடி ஓடி
ஏன் என்று திரும்பிப் பார்த்தார்.

பிறகு ஒருவரும் சொல்லாமலே
தங்கள் தங்கள் அடிச்சுவட்டில் கால் வைத்துப்
பின்பக்கமாய்த் தடத்துக்குப் போனார்கள்.
மதுசிகனுக்கு இருபது வயது.
அவனுக்கு இதை யார் எப்போது காட்டிக்கொடுத்தது?

விரல் அதுபாட்டில் அழுத்தியிருக்கிறது.
பத்துப்பேர் ஒற்றைக்காலில்.
மூலையில், கொஞ்சம் மங்கலாய், என் பை.
குழுக்காரர் அந்தப் படத்தைக் கேட்டார்கள்.
சரியாய் விழவில்லை என்றேன்.

திங்கட்கிழமை டினுஷனிடம் போனேன்.
மழையுறை தனியாய் விற்பியோ என்று கேட்டேன்.
இருக்கு அக்கா, என்றான்.
என்ன நிறத்தில், என்று கேட்டேன்.