ஒன்பது லிட்டர்

ஒன்பது போதும் என்றேன்.
பன்னிரண்டு ஊத்திடலாம்க்கா என்றான் தஸ்தகீர்,
கேனைச் சாய்த்த கை சாய்த்தபடியே.
லிட்டருக்கு முக்கால் கிலோ,
மூன்று லிட்டருக்கு இரண்டேகால்.
அந்த இரண்டேகால் கிலோவுக்காக
ஒரு மாதம் சோறு குறைத்தவள் நான்.
ஒன்பதுதான்.
மூடியைத் திருகினான்.
புதுப்பேட்டைக்காரன் பேசாமலிருந்தால்
அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை.

மே மாத இருங்காட்டுக்கோட்டையில்
பத்தரை மணிக்கே தார் மணக்கும்.
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே எனக்கு வெந்நீர்.
முதல் நான்கு சுற்று
பழைய எஸ்டீம் சொன்னபடி கேட்டது.
இருபத்தேழாம் நம்பர்
கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே வந்தது.

ஐந்தாம் சுற்று. அந்த நீண்ட வலது வளைவு.
பிரேக்கை விட்டு, மூக்கை உள்ளே வைத்து,
காலை முழுதாய் அழுத்தினால்

ஒன்றுமில்லை.

வெடியில்லை, புகையில்லை.
பெடல் இருக்கிறது,
பெடலுக்குக் கீழே யாரும் இல்லை.
பேசிக்கொண்டிருந்தவர் நடுவாக்கியத்தில்
போனை வைத்துவிட்ட மாதிரி.

கீழே பார்த்தேன்.
பெட்ரோல் முள் ஏறிக்கொண்டிருந்தது.
காலுக்கும் கீழே கிடந்தது
அரையைத் தொட்டு, அரையைத் தாண்டி.
எஞ்சின் சாகச் சாக
டேங்க் நிறைந்துகொண்டே போகிறது.

அரை நொடி இருக்கும்.
வளைவு நிமிர்ந்ததும் உயிர் வந்தது,
முதுகில் எட்டி உதைத்தாற்போல.
வால் வழுக்கி, பிடித்து, நேராக்குவதற்குள்
இருபத்தேழு உள்பக்கமாய் நுழைந்து போயிருந்தது.

ஆறிலும் அதே இடம். ஏழிலும்.
இடது வளைவுகளில் ஒரு குறையுமில்லை.
எட்டில் நானே பயந்து காலைத் தூக்கினேன்.
பிறகு எஞ்சின் சாகவில்லை,
கொடி விழும்போது ஏழாவதாக வந்தேன்.

பிட்டில் வடித்து அளந்தான் தஸ்தகீர்.
நாலரை லிட்டர் மிச்சம்.
"காலியாவலக்கா.
எல்லாம் லெப்ட்டு பக்கம் போய் ஒட்டிக்குது.
உறியிற குழா ரைட்ல நிக்குது.
காத்தக் குடிக்குது அது."
தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துச் சாய்த்துக் காட்டினான்.
மிதவையும் இடப்பக்கம்தான்.
முள் பொய் சொல்லவில்லை,
தான் நின்ற இடத்தில் கண்டதைச் சொன்னது.

அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பூந்தமல்லி திருப்பத்தில் முன்னால் ஒரு தண்ணீர் லாரி,
திரும்பும்போது மூடி வழியே
ஒரு குடம் தண்ணீரைச் சாலைக்குக் கொடுத்தது.
"உள்ள தடுப்பு வெச்சிருப்பான், இல்லன்னா கவுந்துடும்"
என்றான், ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி.
நமக்கும் தடுப்பு போடலாம்.
பக்கத்தில் ஒரு குட்டி டேங்க், ஒன்றரை லிட்டர்,
எப்போதும் தளும்பத் தளும்ப.
பெரியது எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
எஞ்சின் குட்டியிலிருந்து குடிக்கும்.
அலுமினியம், வெல்டிங், இன்னொரு பம்ப்.
அவன் சொன்ன தொகையை
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டேன்.

இரவு. முகப்பேர். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
கண் அசந்த அரைமணியில்
கீழே சம்ப் மோட்டார் சுருதி மாறியது.
இந்த ஊரில் ஒரு கோடை இருந்தவருக்கும்
அந்தச் சத்தம் தெரியும்.
தண்ணீர் தூக்கும் கனத்த குரல்
மெலிந்து, உயர்ந்து,
வெறுங்காற்றை மெல்லும்.
எட்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது.
செருப்பில்லாமல் ஓடினேன்.
படிக்கட்டு திரும்பும் இடத்திலெல்லாம்
வலது கால் தானாகக் கொஞ்சம் பின்வாங்கியது.

சுவிட்சை அணைத்து, மூடி திறந்து டார்ச் அடித்தால்
குழாய்க்கு எட்டாத மூலையில்
சாப்பாட்டுத் தட்டளவு மினுக்கம்.
லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்த
கீழ்வீட்டு எபனேசர் கேட்டார்,
"சுத்தமா காலியா?"

"இல்ல சார். இருக்கு."

நம்பாமல்
அவரும் குனிந்து பார்த்தார்.