எட்டு மில்லிமீட்டர்

சாந்தா ரீட்டாவில் மதியம் மூன்று மணி.
காப்பித் தோட்டச் சரிவில் மேகம் ஏறுகிறது.
இவோனேச்சியின் சர்க்யூட் பலகை
நான்காம் முறையாகச் சோதனை மேசையில்.

ஆயிரத்தைந்நூறு வோல்ட்.
சிவப்பு.

"கசிகிறது" என்கிறார் கிளவுதெமிர்,
சீஸ் ரொட்டியை மென்றபடி.

கசிவது அந்த நீல வில்லை.
மின்னலை மண்ணுக்கு அனுப்ப
அவளே பற்றவைத்த வேரிஸ்டர்.
வந்திருப்பது இடியா தேர்வா
அதற்குத் தெரியாது.
யார் ஓங்கித் தட்டினாலும் கதவைத் திறந்துவிடும்
வெகுளி.

கழற்றிப் பார்த்தாள்.
பச்சை எரிந்தது.
அந்தப் பச்சை அவளுக்குப் பிடிக்கவில்லை.

கறவை எந்திரத்துக்கான பலகை.
கழுவின கையை உதறாமலே
விசையைத் தொடுவாள் யாரோ ஒருத்தி,
வாசலில் மழை கட்டி நிற்கும்போது.

மண்ணுக்கு வழி வேண்டும்.
மண்ணை விட்டு விலகியும் இருக்கவேண்டும்.

இரவெல்லாம் விழித்து
வில்லைக்கும் மண்ணுக்கும் நடுவில்
சுண்டைக்காய் அளவில் ஒரு வாயுக்குழாய் வைத்தாள்:
மூவாயிரத்துக்குக் கீழே எதுவும் கேட்காத செவிடு.
அடியில் பலகையையே அறுத்து
ஒரு பிளவு.
கரையோரம் சுற்றி அளந்தால் எட்டு மில்லிமீட்டர்.
தூசி நடந்து கடக்கட்டும் பார்க்கலாம்.

ஐந்தாம் முறை.
அறுபது நொடி தாங்கவேண்டும்.
நாற்பது. ஐம்பது.
ஐம்பத்தெட்டில்
மலைக்குப் பின்னால் நிஜமாகவே இடித்தது.
ஊர் முழுக்கக் கரண்ட் போனது.

இருட்டில் கேட்டாள்:
"பச்சைதானே எரிந்தது?"

"நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,"
என்றார் கிளவுதெமிர்.
"நாளைக்கு மறுபடி."