அறுபத்திரண்டு வரி

கழனிவாசல் பைப் கடை மாடியில்
எங்களுக்கு இரண்டு மேசை, ஒரு யூ.பி.எஸ்.
சாதிக் மவுஸால் இழுத்துப் போடுவான்.
நான் வரிவரியாக அடிப்பேன்.
இதில் சண்டை ஒன்றும் இல்லை,
டீக்கு யார் காசு என்பதைத் தவிர.

கோனாபட்டு அழகம்மை பலகாரத்துக்கு
ஒரே மதியத்தில் பக்கம் கட்டினான்.
படத்தைப் பிடித்தான், நகர்த்தினான், விட்டான்;
தேன்குழல் இடப்பக்கம், சீப்புச்சீடை வலப்பக்கம்.
"பாத்தியா" என்றான். பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றுக்கு போன்.
சிங்கப்பூர் மருமகள் செல்லில்
தேன்குழல் சீடை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதாம்.
சாதிக் ராமேஸ்வரம் ரயிலில்,
சிக்னல் இல்லாத எங்கோ.

நான் உள்ளே போனேன்.
முகப்பைத் திறந்தால் வளவு,
வளவு தாண்டி இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு,
அங்கே ஓர் அறை, அறைக்குள் அறை,
பதினேழு கதவு திறந்து
பதினெட்டாவதில் ஒரே ஓர் எண்: 240.
மற்றதில் யாரும் குடியில்லை.
நிலைக்கதவு மட்டும் ஒவ்வொன்றுக்கும் உண்டு.
எதைத் தொட்டாலும்
எங்கேயோ ஓர் ஓடு சரிந்தது.

விடிகாலை மூன்றுக்கு மொத்தத்தையும் இடித்தேன்.
கையால் எழுதினேன். அறுபத்திரண்டு வரி.
ஒரு வரி கூடுதல் இல்லை.
பெருமையாக இருந்தது, மறைக்க என்ன.

திங்கட்கிழமை அழகம்மை கேட்டார்:
"ஏம்மா, அந்தத் தம்பி செஞ்சதுல
எண்ணு மேல விரல வச்சா
நானே வெலைய மாத்திக்குவேன்.
ஒன்னோடதுல எங்க தொடணும்?"

அறுபத்திரண்டு வரியிலும்
அவர் விரல் நுழைய இடம் விட்டிருக்கவில்லை.

வேறு வழி தேடி என் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன்.
நடுவில் ஒரு குறிப்பு:
'இதைத் தொடாதே. எப்படி ஓடுகிறதென்று தெரியவில்லை.'
எழுதியது நான்தான். போன ஆடியில்.

சாதிக் வந்தான், சட்டையெல்லாம் கடல் உப்பு.
என் வரிகளை மேலிருந்து கீழே படித்தான்.
இவன் படிப்பான் என்றே நான் நினைத்ததில்லை.
"நாப்பத்தொண்ணுல தொறந்தத
நீ மூடவே இல்லையே" என்றான்.
பிரௌசர் பொறுத்துப் போயிருக்கிறது,
ஒரு வாரமாக, சத்தமில்லாமல்.

மூடினேன்.
விலைக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டி,
தொட்டால் திறக்கும்படி வைத்தோம்.
மூன்று இலக்கத்துக்கு அளந்த அகலம்; அளந்தது நான்.

மறுநாள் காலை அந்தப் பெட்டிக்குள்
அழகம்மை அடித்திருந்தார்:
'265 எண்ணெய் ஏறிப்போச்சு கோவிச்சுக்காதீங்க'.
எழுத்துகள் பெட்டியை உடைத்துக்கொண்டு
சீடைப் படத்தின் மேல் நடந்து
பக்கத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன.

சாதிக் சிரித்து முடிக்கட்டும் என்று
நான் டீக்குக் காசு எடுத்தேன்.