ஓர் உயிர் குறைவு

விர்ட்சு துறையில் காற்று. கடைசிப் படகு ரத்து.
எதிரே முஹு தீவில்
என் விதை உருளைக்கிழங்குக் கிடங்கு
ஆளில்லாமல் சூடேறிக்கொண்டிருக்கிறது.

நூலகக் கணினியில் எதையும் நிறுவக் கூடாதாம்.
உலாவி மட்டும் உண்டு.
உலாவிக்கு வெப்சாக்கெட் பேச்சுதான் வரும்;
கிடங்கின் கிழட்டு இயந்திரத்துக்கோ
உறை போட்ட கடிதமே ஆகாது,
வெறும் பைட்டுகள் வரிசையாக வேண்டும்.

நடுவில்,
மீட்டர் பெட்டிக்குப் பின்னால் நான் ஒட்டிவைத்த
தீப்பெட்டி அளவுப் பலகை.
உறையைப் பிரிக்கும், உள்ளிருப்பதை நீட்டும்,
அங்கிருந்து வருவதை உறையிலிட்டு அனுப்பும்.
என்ன எழுதியிருக்கிறதென்று
ஒருநாளும் படித்ததில்லை.

முதல் முறை கறுப்புத் திரை.
இரண்டாம் முறையும்.
ஆறாயிரத்து எண்பது போடவேண்டிய இடத்தில்
ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் போட்டிருக்கிறேன், மடையன்.
திருத்தியதும் அக்கரையிலிருந்து
பன்னிரண்டு பைட்டில் ஒரு வணக்கம்.
கடவுச்சொல்? பதினான்கு எழுத்து வைத்திருந்தேன்.
எட்டுக்கு மேல் அது காதில் வாங்குவதில்லை என்பது
எனக்கும் அதற்கும் மட்டும் தெரிந்த வெட்கம்.

ஓடு பதிப்பதுபோல்
துண்டு துண்டாக வந்தது படம்.
கடைசிச் சதுரத்தில்: பதினொரு டிகிரி.

விசிறிப் பொத்தானை நோக்கி அம்பை நகர்த்தினேன்.
அம்பு திரும்பி நடந்தது.

மறுபடி நகர்த்தினேன். மறுபடி யாரோ இழுத்தார்கள்.
குறிப்பேடு திறந்து
எழுத்தெழுத்தாக ஒரு கேள்வி: யாரது?

பூனைக்குத் தீனி வைக்க வந்த லீலோதான்.
மேசைமேல் மவுஸ் கிடந்தபடி கிடக்க
திரையில் அம்பு தானே ஊர்ந்தால்
நாற்காலியை எவ்வளவு தூரம் தள்ளியிருப்பாள்!

பெயரைத் தட்டினேன். தோனு.
எங்கள் எழுத்தில் நான்கு.
மூன்றுதான் போய்ச் சேர்ந்தன.
தலையில் சிறு அலை சுமந்த அந்த ஓ,
நூலகத்து விசைப்பலகைக்கும் கிடங்குக்கும் நடுவே
எங்கோ கடலில் விழுந்துவிட்டது.
ஓர் உயிர் குறைந்த பெயராக
நான் அங்கே நின்றேன்.

கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை.
பிறகு அவள்
அம்பை என் முதலெழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்
அங்கிருந்த விசையால்
விட்டுப்போன எழுத்தைப் போட்டாள்.

அம்பை விட்டுவிட்டாள். அழுத்தினேன்.
விசிறி.
பத்தே முக்கால்.

பூனை சாப்பிட்டதா என்று
பாதி தட்டுவதற்குள்
நூலகத்தில் விளக்கணைக்க வந்துவிட்டார்கள்.