குழி எண் பதினேழு

நெவாடாவின் வடகிழக்கு மூலை.
ஆறாயிரத்து நானூறு அடி உயரம்.
ஆண்டுக்குப் பதினோரு அங்குல மழை,
அதிலும் பாதி பனியாக வந்து
காற்றோடு அடுத்த மலைக்குப் போய்விடும்.
முழங்காலைத் தாண்டி எதுவும் வளராத சரிவு.
குட்டைச் சேஜ் புதர், கொத்துப் புல்,
மேய்ந்துகொண்டே நகரும் நாற்பது கறுப்பு மாடுகள்.

தோண்டியவன் வெண்டல் டைபோ.
மண்வெட்டி மூன்று விரற்கடை இறங்கியதும்
டங் என்றது.
ஓரடி தள்ளிப் போட்டான். டங்.
கடப்பாரையை எடுத்தான்.
அப்புறம் அதையும் சாத்திவிட்டு மண்டியிட்டு
ஒவ்வொரு கல்லாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான்,
பால்பல் பிடுங்குவதுபோல.

நான் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன்.
ஒரு பிடி மண்ணில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து
கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினேன்.
ஓர் அங்குலம். இரண்டு.
இரண்டரையில் தலை சாய்ந்து ஒடிந்தது.
களி, என்று எழுதினேன்.
நிறப் புத்தகத்தின் துளைக்குப் பின்னால் கட்டியைப் பிடித்தேன்:
காய்ந்தால் சாக்குப்பை,
நனைந்தால் ஆறிய காப்பி.
அமிலம் ஒரு சொட்டு. மண் சும்மா இருந்தது.
ஆழத்தில், கற்களின் அடிவயிற்றில் மட்டும்
வெள்ளைப் பூச்சு;
அங்கே சொட்டியபோது சீறியது.

கல், நூறில் ஐம்பத்தைந்து.
அதாவது இந்த மண்ணில் பாதிக்கு மேல் மண் இல்லை.
எங்கள் அட்டவணையில் இதற்குப் பேர்
எலும்புக்கூட்டுக் களி.
யாரோ கவிஞர் வைத்ததாக இருக்காது.
மேசையைச் சுற்றி எட்டுப் பேர்,
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருக்கும்.

இடத்துக்காரி கிராசியானா இரிபார்னே
வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.
"என் வேலிக்கு மூன்றே வகை மண்.
மண்வெட்டி மண், கடப்பாரை மண், வெடி மண்."
இது?
"இரண்டாவதுக்கு மேலே. மருந்து வாங்கக் காசில்லை,
அதனால் மூன்றாவதுக்குக் கீழே."

குளிர்காலம் முழுக்க இந்த மலை கல் ஈனுமாம்.
சித்திரையில் போய்ப் பார்த்தால்
தூண்கள் ஒரு சாண் எழும்பி நிற்குமாம்.
ஆகஸ்டில் தலைகீழ்:
கை நுழையும் வெடிப்புகள்.
நாலு வருஷத்துக்கு முன் அப்படி ஒன்றில்
வண்டிச் சாவி விழுந்துவிட்டது.
கம்பியை வளைத்துச் சாயங்காலம்வரை துழாவினாள்.
பதினாலு மைல் நடந்தாள்.

அவள் சொல்லி முடிக்கவில்லை.
முப்பத்தெட்டாவது சென்டிமீட்டரில்
கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த வெண்டல்
"சாவி" என்றான்.

மூன்று பேரும் குனிந்தோம்.
துரு. ஒரு சுண்டுவிரல் நீளம். நுனியில் பிளவு.
மத்தி மீன் டப்பாவை
உருட்டித் திறக்கிற சாவி.
எந்த ஆட்டுக்காரன், எந்த மதியம்,
பிறகு டப்பாவை எதால் திறந்தான்?
கிராசியானா சிரித்துச் சிரித்து இருமினாள்.
பிறகு அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.
படிவத்தில் வேருக்குக் கட்டம் உண்டு,
கரிக்கு உண்டு, எறும்புப் புற்றுக்கும் உண்டு.

ஆனால் எனக்கு வேண்டியது வேறு.
உப்பி உப்பி உரசியதில்
களி தன்மேல் தானே வழுக்கிய பளபளப்புத் தளங்கள்.
இருபத்தைந்தாவது சென்டிமீட்டரில் தொடங்கின.
நாற்பத்தாறில் பாறை.
கனம், இருபத்தொன்று.
புரளும் மண் என்ற குலத்தில் சேர்க்க
இருபத்தைந்து வேண்டும்.

மறுபடி அளந்தேன்.
நாடாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தும் அளந்தேன்.
வெண்டல் வேறு பக்கம் பார்த்தான்.
வெடிக்கிறது, விழுங்குகிறது,
விழுங்கியதை வைத்துக்கொள்கிறது.
நாலு சென்டிமீட்டர் போதவில்லை.
பங்காளி என்று எழுதலாம், பிள்ளை என்று எழுத முடியாது.
எழுதினேன்.

குழியை மூடும்போது
எடுத்தது எடுத்த இடத்தில் அடங்கவில்லை.
மண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது,
கல் ஒரு குவியல் மிஞ்சியது.
கிராசியானா வண்டியின் பின்கதவைத் திறந்தாள்.
தூண் இறங்காத இடங்களில்
கம்பிக் கூடை கட்டி, கல்லைக் கொட்டி,
அதன் நடுவே தூணை நிறுத்துவாளாம்.

மூன்று பேரும் ஏற்றினோம்.
"பெரிசாப் பாத்துப் போடுங்க," என்றாள்.