எட்டுக்கு வெளியே

கால் ஊன்றாமல் எட்டுப் போட்டாள்
செம்மண்டலத்து அமிழ்தினி.
கையெழுத்திட்டேன். அன்றைக்கு நாற்பத்தோராவது.

எட்டுக்குள் எதிரே லாரி வராது.
மழை வந்தால் தேர்வைத் தள்ளிவைப்போம்.
இருட்டுக்கு முன் கேட்டைப் பூட்டிவிடுவோம்.
"இன்னும் முறுக்குடா" என்று
பின்னாலிருந்து தோளைத் தட்ட ஆளில்லை.

இரவு பத்தரை, ஆல்பேட்டை செக்போஸ்ட்.
புதுச்சேரியிலிருந்து வருகிறது ஒரு கும்மாளம்:
வண்டிக்கு மூன்று தலை,
ஹெல்மெட் ஒன்று, அதுவும் முழங்கையில்.

ஓரத்தில் அவள்.
பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய
மருந்து அட்டைப்பெட்டி மட்டும்.
"ஆறு மாசம் யாரையும் ஏத்துறதில்ல சார்.
ரெண்டு பேர் பேசுறதையே விட்டுட்டாங்க."

சட்டத்தில் இல்லாத வரி அது.
நான் சொல்லித்தந்ததும் இல்லை.

தடுப்பு விலகியது.
கும்மாளத்தை முன்னால் போகவிட்டாள்.

என் மற்ற நாற்பது கையெழுத்துகள்
இந்நேரம் எந்தச் சாலையில்?